படகுக்கு அடியில் ஒரு குட்டி

போன வருடம் அக்டோபர் மாதம் சிட்னியில் நடந்தது இது. மெல்போர்னில் டார்னெய்ட்டில் இருக்கும் நாங்கள் கல்யாண நாளுக்காக அங்கே போயிருந்தோம். திமிங்கலம் பார்க்கும் படகில் போக வேண்டும் என்பது என் கணவரின் ஆசை. சர்க்கரை நோய்க்காரர். காலையில் இன்சுலின் போட்டுக்கொண்டு, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத்தான் ஏறினார்.

துறைமுகத்தைத் தாண்டியதுமே படகை அலை தூக்கித் தூக்கிப் போட்டது. சாப்பிட்டதெல்லாம் வாந்தியாகப் போனது. "எனக்கு ஒண்ணுமில்ல, நீ போய்ப் பாரு" என்று என்னை மேல்தளத்துக்கு அனுப்பிவைத்தார். நானும் போய்விட்டேன்.

முதலில் டால்பின்கள் வந்தன. அப்புறம் ஒரு பெரிய திமிங்கலம், அதன் விலாவை ஒட்டியபடி ஒரு குட்டி. எல்லோரும் கைதட்டிக்கொண்டிருக்கும்போதே, கறுப்பாக, உயரமாக நாலைந்து முதுகுத் துடுப்புகள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தன. ஓர்கா! கில்லர் வேல் என்கிறார்களே, அதுதான். அந்தப் பக்கம் எப்போதாவதுதான் வருமாம். கைதட்டல் அப்படியே நின்றுபோனது.

அவை குறி வைத்தது குட்டியைத்தான். தாய் அதைத் தன் முதுகில் ஏந்தித் தண்ணீருக்கு மேலே தூக்கியது. ஓர்காக்கள் மோதி மோதிக் கீழே தள்ளின. கேப்டன் எஞ்சினை அணைத்தார். தப்பிய குட்டி நேராக எங்கள் படகுக்கு அடியில் வந்து புகுந்துகொண்டது.

இதைச் சொல்லக் கணவரிடம் ஓடினேன். அவர் இருக்கையில் சரிந்து கிடந்தார். சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது. கூப்பிட்டால் ஏதோ உளறினார். லோ சுகர்! ஜூஸ் கொடுத்தேன், அதையும் வாந்தி எடுத்தார். படகைத் திருப்பச் சொல்லிக் கத்தினேன்.

பணிப்பெண் ஓடி வந்து பார்த்துவிட்டுக் கேப்டனிடம் போனாள். திரும்பி வந்தபோது அவள் முகம் வெளுத்திருந்தது. குட்டி இன்னும் அடியில்தான் இருக்கிறது, எஞ்சினைப் போட்டால் புரொப்பெல்லரில் சிக்கிவிடும், ஆனாலும் மனித உயிர்தான் முக்கியம், நீங்கள் சொன்னால் இப்போதே கிளம்புகிறோம் என்றாள்.

சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு பெண், டீ மேசையில் இருந்த சர்க்கரைப் பொட்டலங்களை அள்ளிக்கொண்டு வந்து எங்கள் அருகில் மண்டியிட்டார். பேச்சிலேயே இலங்கைக்காரர் என்று தெரிந்தது.

"என்ரை அவருக்கும் இப்படி வாறதுதான், தங்கச்சி. சீனியைக் கன்னத்துக்குள்ளை வைப்பம். அஞ்சு நிமிசம் பொறுங்கோ. சரிவராட்டி நானே எஞ்சினைப் போடச் சொல்லுறன்."

எந்தத் தைரியத்தில் தலையாட்டினேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

விரல் நுனியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையை வைத்தார். "விழுங்குங்கோ அண்ணை, விழுங்குங்கோ." காலுக்குக் கீழே குட்டியின் முதுகு படகில் உரசும் சத்தம் கேட்டது. கணவரின் தொண்டை அசைகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜில்லிட்டிருந்த கையை விடவே இல்லை.

திடீரென்று வெளியே எக்காளம் ஊதுவது போல ஒரு சத்தம். வேறு இரண்டு பெரிய திமிங்கலங்கள் பாய்ந்து வந்து நடுவில் புகுந்தனவாம். ஓர்காக்கள் விலகின. குட்டி வெளியே வந்து தாயோடு சேர்ந்துகொண்டது என்று யாரோ கத்தினார்கள். கேப்டன், அவை இன்னும் கொஞ்சம் விலகட்டும் என்று காத்திருந்துவிட்டு எஞ்சினைப் போட்டார்.

"ஏன் அழற?" என்று கணவர் என்னைக் கேட்டது அப்போதுதான்.

கரையில் ஆம்புலன்ஸ் தயாராக நின்றது. அதில் ஏறும்வரை அந்தப் பெண் கூடவே வந்தார். "நானும் மெல்போர்ன்தான், மல்கிரேவிலையிருந்து இதுக்கெண்டே வந்தனான். ஒண்டையும் பாக்கேல்லை" என்று சொல்லிச் சிரித்தார்.

இரண்டு உயிர்களில் ஒன்றை விட்டுக்கொடுக்கும் நிலை அன்று எனக்கு வராமல் போனதற்குக் காரணம், எல்லோரும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு மண்டியிட்டிருந்த அந்த ஒருவர்தான் என்பதை என்னால் எப்படி மறக்க முடியும்?