அரைச் சுண்டு அரிசி

டொக்டர் எனக்குத் தனி அறை தந்த அன்று, மருந்து கட்டிக் கொடுக்கும் பெண் லட்டு வாங்கி வந்தாள். உள் துறைமுகத்துப் பக்கம் இருக்கும் எங்கள் கிளினிக்கில் அதுவரை அது சாமான் அறை. உடைந்த கதிரைகளும் பழைய நிறுவைத் தராசும் கிடந்த இடம். அவற்றை அகற்றி, வெள்ளை அடித்து, ஒரு மேசையும் இரண்டு கதிரைகளும் போட்டார்கள். மேசைமேல் பிரஷர் பார்க்கும் கருவி, இரத்தத்தில் சீனி பார்க்கும் மெஷின். கதவில் 'தாதி' என்று எழுதி ஒட்டினார்கள்.

"இனி நீங்கள் நிண்டு வேலை செய்யத் தேவையில்லை மிஸ்ஸி. இருந்து கதைக்கிறதுதான் உங்கட வேலை," என்றார் டொக்டர்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். லட்டைத் தின்றுவிட்டு உள்ளே போய்க் கதிரையில் இருந்தேன். கதவைச் சாத்தியதும் வெளியே நடந்த பேச்செல்லாம் நின்றுபோனது.

பெரிய ஆஸ்பத்திரி வேலையில் இருந்து ஓய்வு பெற்று, கொஞ்ச நாளில் என் கணவரும் போய்ச் சேர்ந்த பிறகு, வீட்டில் இருக்க முடியாமல்தான் நான் இந்தக் கிளினிக்குக்கு வந்தேன். மகள் கல்யாணம் முடித்து லண்டனில் இருந்தாள். அப்போது கிளினிக்கில் இரண்டு டொக்டர்மார், ஒருவர் மூத்தவர், மற்றவர் இளையவர். என் வேலை ஊசி போடுவது, புண்ணுக்கு மருந்து கட்டுவது, அடுத்தவரைக் கூப்பிடுவது. நாள் முழுக்கக் கால் உளையும். ஆனால் மூத்த டொக்டரின் மேசைக்குப் பக்கத்தில் நின்றபடி எல்லாக் கதையும் கேட்பேன். கிண்ணியாவில் இருந்து வருகிற வியாபாரி, துறைமுகத்தில் வேலை செய்கிற பொடியன், காய்ச்சல்காரப் பிள்ளையைத் தோளில் போட்டபடி வருகிற தாய். நோயாளி போனதும் டொக்டர் என்னைத் திரும்பிப் பார்த்து, "என்ன மிஸ்ஸி, ஆள் பொய் சொல்லுறார் போல கிடக்கு?" என்பார். பின்னால் குசினியில் எல்லோரும் சேர்ந்து நின்று பிளேன்ரீ குடிப்போம்.

பிறகு நாட்டில் எல்லாம் தட்டுப்பாடான அந்தக் காலம் வந்தது. படித்தவர்கள் ஒவ்வொருவராக வெளிநாட்டுக்குப் போனார்கள். எங்கள் இளம் டொக்டரும் குடும்பத்தோடு போய்விட்டார். மூத்தவர் ஒருவரால் அவ்வளவு கூட்டத்தைச் சமாளிக்க முடியவில்லை. சீனி வருத்தம், பிரஷர், மூச்சு முட்டு, ஆறாத புண் என்று மாதா மாதம் வருகிறவர்களை எல்லாம் என்னிடம் அனுப்பத்தான் அந்தத் தனி அறையைத் தந்தார். மருந்தை மாற்றுவது அவர்தான். மற்றபடி பார்ப்பது, கேட்பது, சொல்லிக் கொடுப்பது, எப்போது பயப்பட வேண்டும் என்று தீர்மானிப்பது எல்லாம் நான்.

முதல் வாரங்களில் ஆட்கள் கதவைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றார்கள்.

"மிஸ்ஸியோ? டொக்டர் இல்லையோ?"

"டொக்டர் பக்கத்து அறையிலதான் இருக்கிறார். வாங்கோ, இருங்கோ."

"இல்ல, நாங்கள் நிண்டு அவரையே பாத்திட்டுப் போறம்."

சிலர் அப்படியே போனார்கள். வந்து இருந்தவர்களும் என் முகத்தைப் பார்க்காமல் மெஷினையே பார்த்தார்கள். ஒருவர் போய் மற்றவர் வரும் இடைவெளியில் அந்த வெள்ளைச் சுவரைப் பார்த்தபடி இருப்பேன். ஒரு புண் கறுப்பதைக் கண்டால் அது போன முறையைவிடக் கறுப்போ என்று பக்கத்தில் கேட்க ஆளில்லை. தேநீர் என் மேசைக்கே வரத் தொடங்கியது, மேலே பீரிசுத் தட்டால் மூடி. எடுத்துக் குடிக்க நினைவு வரும்போது ஆறிப் போயிருக்கும். மாலையில் பஸ் ஏறி, கடையில் இடியப்பப் பார்சல் வாங்கிக்கொண்டு பாலையூற்றில் இருக்கும் என் வீட்டுக்குப் போவேன். நாள் முழுக்க ஆட்களோடு கதைத்தும் யாரோடும் கதைக்காத மாதிரி இருக்கும்.

அந்த நாட்களில்தான் அந்த அக்கா வந்தார். என்னைவிடச் சில வயது மூத்தவர். கணவர் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டியவர், இறந்துவிட்டார். மூன்று ஆண்பிள்ளைகளும் கனடாவிலும் பிரான்சிலும். அக்கா நெற்றியில் திருநீறு பூசி, சீலையை ஒழுங்காகச் செருகி, குளிசைப் பையோடு நேரத்துக்கு வருவார். என்னைப் பார்த்து முகம் சுளிக்காமல் இருந்த முதல் ஆட்களில் ஒருவர். "டொக்டரோட ரெண்டு கதை கதைக்க முதல் அடுத்த ஆள் வந்திடும். இஞ்ச ஆறுதலா இருக்கலாம்," என்றார்.

ஆனால் அவருடைய சீனி மட்டும் இறங்கவில்லை. ஒவ்வொரு முறையும் மெஷினில் விழும் இலக்கத்தை அட்டையில் எழுதிவிட்டுக் கேட்பேன்.

"அக்கா, குளிசை போடுறீங்களோ?"

"ஓம் மிஸ்ஸி. ஒரு நேரமும் விடுறேல்ல."

"தேத்தண்ணிக்குச் சீனி?"

"அதை எப்பவோ விட்டிட்டன்."

"சோறு?"

"அளவாத்தான் சாப்பிடுறன்."

டொக்டர் குளிசையைக் கூட்டினார். அப்போதும் இறங்கவில்லை. இன்சுலின் ஊசி தொடங்குவோம் என்றார். அக்கா அழவில்லை. கைகளை மடியில் வைத்தபடி, "தனிய இருக்கிற வீட்டில ஊசியைக் குத்திப்போட்டு நான் மயங்கிக் கிடந்தா ஆர் மிஸ்ஸி பாக்கிறது?" என்றார். நியாயமான கேள்வி. அதே கேள்வி என் வீட்டுக்கும் பொருந்தும்.

நான் டொக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஊசி தொடங்க முதல் வீட்டுக்கு ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வாங்கோ," என்றார். வீட்டுக்குப் போவதும் அப்படித்தான் என் வேலையில் சேர்ந்தது.

ஒரு சனிக்கிழமை மதியம் கிளினிக் முடிந்ததும் போனேன். மேட்டில் இருந்த வீடு. முற்றத்தில் நின்றால் வளைகுடாவும் அக்கரையில் கோதுமை மா ஆலையும் தெரியும். கேற்றுக்கு வெளியே வேம்பின் நிழலில் இரண்டு புள்ளிமான்கள் படுத்திருந்தன. எங்கள் ஊரில் மாடுகளைப் போல மான்களும் வீதியில் திரியும். அக்கா கதவைத் திறந்ததும் குழம்பு வாசம் வந்தது.

மேசையில் பெரிய சோற்றுப் பானை. மீன் குழம்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, சொதி, பொரியல். ஏழெட்டுப் பேர் இருந்து சாப்பிடலாம்.

"விருந்தாளியள் வருகினமோ அக்கா? நான் பிழையான நேரத்தில வந்திட்டனோ?"

"ஒருத்தரும் இல்ல மிஸ்ஸி."

"பிறகு இவ்வளவும்?"

அவர் வெட்கப்பட்டார். சீலைத் தலைப்பால் மேசையைத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்திருந்த மேசை.

"எனக்குக் குறைச்சுச் சமைக்க வருகுதில்ல. அவரும் மூண்டு பெடியளும். அவரோட வேலை செய்யிற ஆக்களும் சொல்லாமக் கொள்ளாம வந்து இருப்பினம். மூண்டு சுண்டு அரிசிதான் எப்பவும். குறைச்சுப் போட்டா சோறு குழைஞ்சு போகுது, கறி உப்புக் கூடுது. கை அதுக்கே பழகிப்போச்சு."

"மிஞ்சினா என்ன செய்வீங்கள்?"

"கொட்ட மனம் வராது. மத்தியானம் சாப்பிட்டு, இரவும் சாப்பிட்டு, விடியத் தண்ணி ஊத்தின சோறு. அதுக்கு மேல மிஞ்சினா மானுக்கு வைப்பன்."

அளவாகச் சாப்பிடுகிறேன் என்று அவர் சொன்னது பொய் அல்ல. அந்தப் பானைக்கு முன்னால் அது அளவுதான். அந்த வீட்டில் நாள் முழுக்க ஒரு குடும்பத்தின் சாப்பாட்டை ஒருவர் முடித்துக்கொண்டிருந்தார்.

நான் புத்தி சொல்லவில்லை. சாப்பாட்டுக் கோப்பையைக் கழுவிக்கொண்டு வந்து இருந்தேன். அவர் பரிமாறினார். கணவர் இறந்த பிறகு யாரும் எனக்குப் பரிமாறியதில்லை. மீனின் நடுத்துண்டை எனக்கு வைத்துவிட்டு, நான் வாயில் வைக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்த கிழமை பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் ஒரு சின்னப் பானை வாங்கிக்கொண்டு போனேன். அவருடைய குசினியில் இருவரும் நின்றோம். அரிசி அளக்கும் சுண்டுப் பேணியில் பாதிக்குக் கோடு போட்டுக் காட்டினேன். அரைச் சுண்டு அரிசிக்கு எவ்வளவு தண்ணீர், ஒருவருக்கு எவ்வளவு பருப்பு, ஒரு மீனை இரண்டு நாளைக்கு எப்படிப் பிரிப்பது. அவர் பெரிய பானையைக் கழுவித் துடைத்து, அலுமாரிக்கு மேலே கவிழ்த்து வைத்தார். முதல் தடவை சோறு அடிப்பிடித்தது. இரண்டாம் தடவை சரிவந்தது.

இரண்டு மாதத்தில் சீனி இறங்கியது. ஊசி தேவையில்லை என்று டொக்டர் முடிவெடுத்தார். "இதைத்தான் நான் நினைச்சது மிஸ்ஸி. என்னால இது ஏலாது. எனக்கு அந்த மேசையை விட்டு எழும்ப நேரமில்லை," என்று மனம் திறந்து சொன்னார். எனக்கு நல்ல சந்தோசம். அடுத்த முறை அக்கா வந்தபோது மெஷினைத் திருப்பி அவருக்கே காட்டினேன்.

அவர் பார்த்தார். "நல்லதுதானே," என்றார். பிறகு மெஷினை என் பக்கமே திருப்பி வைத்தார்.

"என்னக்கா?"

"ஒண்டுமில்ல."

"சொல்லுங்கோ."

"அரைச் சுண்டு அரிசி கழுவேக்க சத்தமே கேக்காது மிஸ்ஸி." அவர் குளிசைப் பையின் காதை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். "முந்தி விடிய எழும்பினா தேங்காய் துருவ வேணும், வெங்காயம் உரிக்க வேணும், மீன் வெட்ட வேணும். பத்து மணி மட்டும் வேலை இருக்கும். இப்ப ஏழரைக்கே எல்லாம் முடிஞ்சிடுது. பிறகு என்ன செய்யிறது? மானும் வந்து கேற்றடியில நிண்டு பாத்திட்டுப் போகுது. குடுக்க ஒண்டுமில்ல."

ஆஸ்பத்திரியில் படித்த காலத்தில் ஒருவரும் இதற்கு விடை சொல்லித் தரவில்லை. அவரது கையைப் பிடித்துக்கொண்டேன், நாடி பார்ப்பவள் போல.

அன்று கூட்டம் குறைந்ததும் டொக்டரின் அறைக்குப் போய் நின்றேன், முந்தி நின்ற இடத்தில். நடந்ததைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அதுக்கு என்னட்ட மருந்து இல்ல மிஸ்ஸி. உங்களிட்ட ஏதும் இருக்கோ?"

அவர் கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டார்.

என்னிடம் இருந்தது சனிக்கிழமை மட்டும்தான். அதைக் கொடுத்தேன். சனிக்கிழமை மதியங்களில் நான் போனேன். ஒரு சுண்டு அரிசி போடுவார், இரண்டு பேருக்கு. தேங்காய் துருவுவது என் வேலை. சீனி வருத்தத்துக்கு என்னிடம் வருகிற இன்னொரு பெண், முன்னாள் ரீச்சர், தனியாக இருக்கிறவர், அவரையும் ஒரு தடவை கூட்டிக்கொண்டு போனேன். இருவருக்கும் பிடித்துப்போனது. வெயில் தாழும்வரை கதைத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் கொஞ்ச நாளில் ரீச்சரை அவருடைய மகள் கந்தளாயில் இருக்கும் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். மறுபடி நாங்கள் இருவர்.

மற்ற நாட்களில் என் அறைக்கு வருகிறவர்களை நான் வேறு விதமாகப் பார்க்கத் தொடங்கியிருந்தேன். சீனி பார்க்குமுன் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்பேன். நிறையப் பேர் அந்தக் கேள்விக்குத்தான் வாய் திறந்தார்கள். டொக்டரைத்தான் பார்ப்போம் என்று போனவர்களும் திரும்பி வந்தார்கள். காத்திருக்கிறவர்கள் இருக்க என் கதவடியில் ஒரு வாங்கு போட வேண்டி வந்தது. அவர்கள் சொன்னதையெல்லாம் கேட்டு, நெஞ்சில் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் சன்னலோரம் இருந்து வீட்டுக்கு வருவேன். அங்கே எடுத்துச் சொல்ல யாரும் இல்லை. மகள் தொலைபேசியில், "வேலை எப்பிடி அம்மா?" என்பாள். "பரவாயில்ல பிள்ளை," என்பேன்.

அடுத்த வருடம் அக்காவின் மூத்த மகன் அவரைக் கனடாவுக்குக் கூப்பிட்டான். போக மனமில்லை என்றும் சொன்னார், போகாமல் இருக்க முடியாது என்றும் சொன்னார். கடைசியாகக் கிளினிக்குக்கு வந்த நாளில் பிரஷர் பார்த்தேன். கொஞ்சம் கூட இருந்தது. பயணப் பதற்றம் என்று இருவரும் சொல்லிக்கொண்டோம். எழும்பும்போது என் தலையைத் தடவிவிட்டு வெளியே போனார். அடுத்தவர் உள்ளே வந்துவிட்டார். கண்ணைத் துடைக்கவும் நேரம் இல்லை.

மூன்று நான்கு மாதங்கள் கழித்து ஒரு ஞாயிறு காலை அவரது குரல் தொலைபேசியில் வந்தது. அங்கே மருமகள் ஒரு கிழமைக்குரியதை ஒரே நாளில் சமைத்து, பெட்டி பெட்டியாக ஃபிரிட்ஜில் வைத்துவிடுகிறாளாம். சூடாக்கிச் சாப்பிடுவதுதான் வேலை. காலையில் எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போனால் பின்னேரம்தான் வருவார்களாம். சீனி நல்லாக இருக்கிறதாம்.

"இஞ்ச ஒரு நேர்ஸ் வீட்டுக்கு வருவா மிஸ்ஸி. நல்ல பிள்ளை. பிரஷர் பாப்பா, காலைத் தூக்கிப் பாப்பா. எனக்கு அவவின்ர பாஷை விளங்காது. நான் பாட்டுக்குத் தமிழில கதைப்பன். அவ தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருப்பா."

"என்ன கதைப்பீங்கள் அக்கா?"

"எல்லாம்தான். அவரைப் பற்றி, பெடியளைப் பற்றி. அவ தன்ர வேலை முடிஞ்சாலும் உடன எழும்பிப் போகமாட்டா மிஸ்ஸி. குளிர்க்கோட்டைப் போட்டுக்கொண்டு அப்பிடியே இருப்பா. அவவும் தனிய இருக்கிற பிள்ளை போல கிடக்கு."

"கேட்டுப் பாருங்கோ அக்கா," என்றேன்.

"எப்பிடி மிஸ்ஸி கேக்கிறது?"

வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று நான் கிளினிக்கில் கேட்கும் அந்தக் கேள்வியை ஆங்கிலத்தில் சொல்லிக் கொடுத்தேன். அவர் சொற்களைத் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். பிறகு அங்கே யாரோ கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது, வைக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டார்.