வேப்பூர் தாண்டிய வண்டி

எங்கள் அப்பாவின் மளிகைக் கடையில் ‘இல்லை’ என்று சொல்லக் கூடாது. சரக்குத் தீர்ந்திருந்தால், “சாயந்திரம் வாங்க” என்றுதான் சொல்ல வேண்டும். தராசைப் பிடிக்கக் கற்பிப்பதற்கு முன்பே எனக்கும் என் தம்பிக்கும் அப்பா இதைக் கற்பித்துவிட்டார்.

“கடையில சொன்னா, அது வூட்டுக்குள்ள வந்துடும்டா” என்பார்.

ஈரச் சாக்கும் மண்ணெண்ணெயும் மணக்கும் அந்த இருட்டில், வாடிக்கையாளரிடம் பொய் சொல்லக் கூசி நான் அப்பாவின் முகத்தைப் பார்ப்பேன். தம்பிக்கு அந்தக் கூச்சம் கிடையாது. வெல்லம் கேட்டால், “வண்டி வேப்பூர் தாண்டிருச்சிங்க” என்பான், சரக்கு வண்டியே புறப்பட்டிராத நாட்களிலும். பீங்கான் தொழிற்சாலையில் வேலை முடித்து, முழங்கை வரை களிமண் வெள்ளையாய்க் காய்ந்திருக்க வந்த ஒருவர், ஒருமுறை பொறுமை இழந்தார்.

“ஏன்டா, உங்க வண்டி வேப்பூர்லயே கல்யாணம் கட்டிக்கிட்டுக் குடித்தனம் பண்ணுதா?”

“இப்பதாங்க பொண்ணு பாக்கப் போயிருக்குது. நாளைக்கு வெல்லத்தோட வந்துடும்.”

அப்பா சிரிப்பை மறைக்கத் தராசின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் படித்து, வெளியூர்க் கல்லூரி ஒன்றில் ஆசிரியனானேன். அப்பாவுக்குப் பிறகு கடை தம்பியுடையதாயிற்று. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஆண்டுகள் அவை. வாசலில் ஷாம்பு சரங்களுக்கு நடுவே ரீசார்ஜ் அட்டைகள் தொங்கத் தொடங்கியிருந்தன. ஒரு மாசி மாதத்துக் காலையில், கல்லாவுக்கு அருகிலேயே அவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். நான் வந்து சேர்ந்தபோது கூடத்தில் கிடத்தியிருந்தார்கள்.

காரியம் முடிந்த மறுநாள், எஞ்சிய சரக்கை ஒழுங்குபடுத்துவதற்காகக் கடையைத் திறந்தேன். கம்மாபுரத்திலிருந்து வழக்கமாக வரும் அம்மா ஒருவர் பையோடு படியேறினார். அவருக்குச் செய்தி எட்டியிருக்கவில்லை.

“பச்சப்பயறு ரெண்டு கிலோ போடுங்க. தம்பி எங்கங்க, ஆளக் காணோம்?”

வாழ்நாளெல்லாம் வகுப்பில் பேசியே சம்பளம் வாங்கியவன் நான். சொல்ல வேண்டியிருந்தது ஒரே ஒரு சொல். அதைச் சொல்லிவிடும் எண்ணத்தோடுதான் வாயைத் திறந்தேன்.

“சாயந்திரம் வாங்க” என்றேன்.

“இன்னுமா வேப்பூர்லயே...” என்று சிரிக்கத் தொடங்கியவர், எனக்குப் பின்னால் மாலையிட்டிருந்த தம்பியின் படத்தைப் பார்த்தார். பையின் கைப்பிடியை இறுக்கிக்கொண்டார். அந்தச் சொல்லை அவரும் சொல்லவில்லை.

“சரிங்க. சாயந்திரமே வரேன்.”

வெறும் பையை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, படியிறங்கிப் போனார்.

பச்சைப்பயறு என் முழங்காலை ஒட்டி, வாய் பிரித்த மூட்டையில் நிறைய இருந்தது.