பொட்டு வைத்த துப்பாக்கி

எங்கள் ராமாமிர்தம் மாமாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். அப்புறம் சிரிப்பு வரும். இரண்டும் அடங்கிய பிறகுதான் விஷயம் வரும். அதனால் கேட்கிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மாமா என் அக்காள் ரத்தினம்மாளின் வீட்டுக்காரர். கடலூர் பஸ் டிப்போவில் முப்பத்தொரு வருஷம் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். மனுஷர்தான் ஓய்வு பெற்றாரே தவிர, அவருடைய கடிகாரம் ஓயவில்லை. ‘அன்பரசு, ஒம்போது நாப்பத்தஞ்சுக்கு வரேன்’ என்று போனில் சொன்னால், சரியாக ஒன்பது நாற்பத்தைந்துக்கு மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் கேஸ் அடுப்பு சர்வீஸ் கடை வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்பார். ஒரு நிமிஷம் முந்தினால் வெளியே நின்றுவிட்டு உள்ளே வருவார்.

இன்னொரு பழக்கமும் உண்டு. டிப்போவுக்குப் புது வண்டி வந்தால் சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம் எல்லாம் மாமா பொறுப்பு. அந்தப் பொறுப்பை அவர் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். புதிதாக எது வந்தாலும் பொட்டு வைக்காமல் தொடமாட்டார். ஒரு தடவை மின்விசிறி வாங்கி மாட்டியபோது மூன்று இறக்கைக்கும் தாராளமாகக் குழைத்து வைத்துவிட்டு சுவிட்சைப் போட்டார். சுவர், பீரோ, அக்காளின் வெள்ளைப் புடவை, நான், எல்லோருக்கும் பொட்டு கிடைத்தது.

வீடு கேப்பர் மலை ஏற்றத்தில். செம்மண் பூமி. பின்பக்கம் ஒரே ஒரு பலாமரம், மகள் தமிழ்ச்செல்வி பிறந்த வருஷம் நட்டது. அவளைச் சிதம்பரத்தில் கட்டிக் கொடுத்த பிறகு மாமா அந்த மரத்தோடுதான் பேசிக்கொண்டிருப்பார்.

போன வருஷம் பேத்தி சிந்துஜாவுக்குப் பேர் வைத்தார்கள். ‘எங்க ஊட்டு மரத்துப் பழம் கொண்டாறேன் சம்பந்தி’ என்று மாமா வாக்குக் கொடுத்திருந்தார். விழாவுக்கு நாலு நாள் முன்னால் திருவந்திபுரம் மலைப் பக்கத்திலிருந்து வந்த குரங்குகள் கடைசிப் பழம்வரை கிழித்துத் தின்று, கொட்டையை மாடியில் பரப்பிவிட்டுப் போய்விட்டன. மாமா யாரிடமும் சொல்லாமல் பண்ருட்டிக்கு ஓடி ஒரு பழத்தை வாங்கிவந்தார். வழக்கம்போலப் பொட்டு வைத்தார். எல்லாம் செய்தவர் பழத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை. சபையில் சம்பந்தி ராஜமாணிக்கம் அதைப் புரட்டினார். அடியில் மண்டிக்காரர் நீலப் பெயிண்டில் போட்ட நம்பர் இருந்தது. பதினேழு.

“இன்னா சம்பந்தி, உங்க ஊட்டு மரம் நம்பர் போட்டே காய்க்குதா?” என்றார் ராஜமாணிக்கம்.

சபை சிரித்த சிரிப்பு இருக்கிறதே! மாமா அன்றைக்கு இலையில் உட்காரவே இல்லை. சம்பந்தியின் கிண்டலைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். ஆனால் தமிழ்ச்செல்வி சிரிக்கவில்லை. ஓரமாக அழைத்துப் போய், “எதுக்குப்பா பொய் சொன்ன? இனிமே நீ இன்னா சொன்னாலும் இந்த ஊட்டுல யாரு நம்புவாங்க?” என்று கேட்டாள். அது அவர் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது.

இந்த வருஷம் வைகாசியில் சிந்துஜாவுக்குக் காதுகுத்து. தாய்வீட்டுச் சீரில் சொந்த மரத்துப் பழம் ஒன்றாவது இருந்தே தீர வேண்டும் என்று மாமா ஒற்றைக் காலில் நின்றார். மரத்தில் பதினோரு காய் பிடித்திருந்தது. மாமா சாக்கு கட்டினார், கிழித்தன. பட்டாசு வெடித்தார், நாலாம் நாள் அதற்கும் பழகிவிட்டன. கடைசியில் உச்சிக் கிளையருகே ஒரே ஒரு காய் மிஞ்சியது.

“அதையாவது வெட்டி ஊட்டுக்குள்ள வெச்சுடுங்களேன்” என்றாள் அக்காள்.

“இன்னும் பத்து நாளாவது மரத்துல இருக்கணும். இப்ப வெட்டினா வெம்பிப் பூடும். சம்பந்தி முன்னாடி ரப்பர் சுளைய நீட்டச் சொல்றியா?” என்றார் மாமா.

அப்போதுதான் ஆன்லைனில் அந்தத் துப்பாக்கியை வரவழைத்தார். கேஸில் வேலை செய்யும் விளையாட்டுத் துப்பாக்கி. பார்க்க அசல் மாதிரியே கறுப்பாக, கனமாக இருக்கும். கைப்பிடிக்குள் சொருகும் மேகசினில் பட்டாணி அளவு வெள்ளை பிளாஸ்டிக் குண்டுகளைப் போட வேண்டும். மேகசினின் அடியில் ஒரு சின்ன வால்வு. அது வழியாக டப்பாவிலிருந்து கேஸ் ஏற்ற வேண்டும். விசையை இழுத்தால் கேஸ் குண்டைத் தள்ளும். கதை இவ்வளவுதான்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு எனக்குப் போன் வந்தது.

“மச்சான், ஏழே காலுக்கு மொத ட்ரிப்பு வந்துச்சு.”

“யாரு மாமா?”

“குரங்குடா! பெருசு ஒன்னு, சிறுசு நாலு. நல்லாக் குறி வெச்சு சுட்டேன். ‘புஸ்’ஸுன்னு ஒரு சத்தம். குண்டு வெளிய வந்து என் கால் மேலயே உழுந்துச்சு. பெருசு எறங்கி வந்து அத எடுத்து, கடிச்சுப் பாத்துட்டு, என் மேலயே வுட்டு எறிஞ்சுடுச்சுடா.”

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “அதுக்கு நான் இன்னா பண்றது மாமா? நான் அடுப்பு மெக்கானிக்கு.”

“இதுவும் கேஸு, அதுவும் கேஸு. வா” என்று வைத்துவிட்டார்.

போனேன். போய்ப் பார்த்தால் வாசலிலேயே மாமாவும் அக்காளும் ஆளுக்கொரு பக்கமாக மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். துப்பாக்கி தாம்பாளத்தில், வெற்றிலை பாக்கு நடுவே, நெற்றி மாதிரி இருந்த இடத்தில் பொட்டோடு படுத்திருந்தது. மாமா ஏற்கெனவே அதற்கு வைத்தியம் பார்த்திருந்தார். தேங்காய் எண்ணெய் போட்டிருந்தார். வெயிலில் வைத்திருந்தார். கேஸ் டப்பாவைப் பிடித்து ரசம் பாட்டில் மாதிரி குலுக்கியிருந்தார்.

“கேஸ் டப்பாவ வெயில்ல வெச்சீங்களா?” என்று கத்தினேன்.

“இல்லடா, துப்பாக்கிய மட்டுந்தான். டப்பா பிரிட்ஜுல இருக்குது.”

அக்காள் எழுந்து உள்ளே போய், “மோர்க் கொழம்புக்குப் பக்கத்துல இருக்குது. வந்து பாருடா கொடுமைய!” என்றாள்.

நான் என் வழிக்கு வந்தேன். கேஸ் எங்கே ஒழுகினாலும் எங்களுக்கு ஒரே பரிசோதனைதான், சோப்பு நுரை. மேகசினை விசிறிக் காற்றில் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கேஸ் ஏற்றி, நுரையைத் தடவினேன். மேல்பக்கம் ஒன்றுமில்லை. அடி வால்வைச் சுற்றிக் குமிழ் குமிழாகப் பொங்கி வந்தது. கேஸ் முழுக்க அங்கேதான் ஓடிப்போகிறது, குண்டைத் தள்ள மிச்சமே இல்லை. மீதி கேஸை வெளியேற்றிவிட்டு வால்வைக் கழற்றினேன். ரப்பர் வளையத்துக்கும் இரும்புக்கும் நடுவே மஞ்சளாக ஏதோ கட்டியாகக் காய்ந்திருந்தது. ஊசியால் நோண்டி எடுத்து மோந்து பார்த்தேன். கமகமவென்று இருந்தது.

“மாமா, இது இன்னா?”

மாமா மூக்குக் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். “சந்தனம் மாதிரி இருக்குது.”

“சந்தனந்தான்! வால்வுக்குள்ள எப்டி வந்துச்சு?”

“பொட்டு வெச்சேன்.”

“அதான் நெத்தியில ஒன்னு இருக்குதே!”

“நெத்தியில மட்டும் வெச்சா ஆச்சா? அடியில கேஸு போற எடம் முக்கியம் இல்லியா? பஸ்ஸுக்கு டீசல் மூடிக்கு நான் வெக்காம வுட்டதே இல்ல.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. குழலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் உள்ளே செக்கச் செவேல் என்று குங்குமம். “வாய்க்கும் வெச்சீங்களா?”

“வாய்க்கு வெக்காம? குண்டு வர்ற வழிடா அது” என்றார், என்னமோ நான்தான் சாஸ்திரம் தெரியாதவன் மாதிரி.

ஒன்றரை மணி நேரம் அதைக் கழுவித் துடைத்தேன். தேங்காய் எண்ணெயில் ஊறிப் புடைத்திருந்த ரப்பர் வளையத்தை எடுத்துப் போட்டுவிட்டு, பெட்டியிலேயே உபரியாக வந்திருந்த வளையத்தைப் போட்டு, கூட வந்த சிலிக்கான் எண்ணெயில் ஒரு சொட்டு விட்டேன். மறுபடி கேஸ், மறுபடி நுரை. ஒரு குமிழ்கூட இல்லை. சுவரோரம் சாய்த்து வைத்த தகர டப்பாவைச் சுட்டேன். ‘டப்’பென்று விழுந்தது. மாமா கைதட்டிவிட்டு, சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்தார்.

“கிட்ட வந்தீங்க, உங்களையே சுட்டுடுவேன்!” என்றேன். அக்காள் கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டு போய் பீரோவில் பூட்டினாள்.

கண்ணுக்குப் பாதுகாப்பு வேண்டும், குரங்கின் மேல் படாமல் பக்கத்தில் சுட வேண்டும், சத்தத்துக்கே ஓடிவிடும் என்று சொல்லிவிட்டு வந்தேன். மாமா இரண்டையும் கேட்டுக்கொண்டார். தினமும் ஏழு பத்துக்கு ஸ்கூட்டர் ஹெல்மெட்டைத் தலையில் மாட்டி, கண்ணாடியை இறக்கிவிட்டு, லுங்கியோடு மரத்தடியில் டியூட்டிக்கு நின்றுவிடுவார். ஏழே காலுக்குச் சத்தம் கேட்கும். குரங்குகள் துப்பாக்கிக்குப் பயந்தனவா, ஹெல்மெட்டுக்குப் பயந்தனவா என்று இன்றுவரை தெரியாது. ஆனால் ஓடின.

“ஒரு குண்டுகூட வீணாவல மச்சான். குரங்குக்கு ஒரு சாண் தள்ளி, கரெக்ட்டா!” என்று தினமும் போனில் பெருமையடித்தார்.

பத்து நாள் கழிந்து காய் இறங்கியது. வைக்கோலில் வைத்து, காதுகுத்துக்கு முதல் நாள் வாசனை தெருவுக்கே வந்தது. சிதம்பரத்துக்குப் புறப்பட்டபோது பழத்தை யாரையும் தொட விடவில்லை. கார் பின்சீட்டில் மடியில் வைத்துக்கொண்டார். மண்டபத்தில் சீர்த்தட்டு வரிசையில் அவரே கொண்டுபோய் வைத்தார். வைத்தவர் ஒரு பக்கத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி, அதற்கு முன்னால் வாழைத்தாரையும் சாய்த்து வைத்தார். ஐயோ மனுஷா, மறுபடியுமா?

ராஜமாணிக்கம் சும்மா விடுவாரா? போன வருஷச் சிரிப்பு அவருக்கு இன்னும் தீரவில்லை. “வாங்க, பதினேழ பாக்கலாம்” என்று நாலு பேரை அழைத்துக்கொண்டு வந்து, வாழைத்தாரை நகர்த்தி, பழத்தை இரண்டு கையாலும் புரட்டினார். குழந்தையோடு உட்கார்ந்திருந்த தமிழ்ச்செல்வி எழுந்துவிட்டாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்கே முடியவில்லை.

நம்பர் இல்லை. ஆனால் முள்ளுக்கு நடுவே, கசிந்த பாலில் ஒட்டிக் காய்ந்துபோய் மூன்று வெள்ளைக் குண்டுகள் இருந்தன.

“இன்னா சம்பந்தி இது? இந்த வருஷம் புள்ளி வெச்ச பழமா?”

மாமா பழத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார், அக்காளைப் பார்த்தார், கடைசியில் மகளைப் பார்த்தார்.

“நான் சுட்டதுதான் சம்பந்தி” என்றார். “கொரங்கு வராம இருக்க ஒரு பொம்மைத் துப்பாக்கி வாங்கினேன். கொரங்குக்குப் பக்கத்துலதான் குறி வெச்சேன். மேல பட்டுட்டா பாவமாச்சேன்னு, விசைய இழுக்கறப்ப ‘ஆஞ்சநேயா, மன்னிச்சுக்கோ’ன்னு கண்ண மூடிக்குவேன். மூணு குண்டு என் பழத்து மேலயே பட்டுடுச்சு. மச்சான்கிட்டகூடச் சொல்லல. வெக்கமா இருந்துச்சு.”

“கண்ண மூடிக்கிட்டாப்பா சுட்ட?” என்றாள் தமிழ்ச்செல்வி.

“ஹெல்மெட்டுக்குள்ளதாம்மா மூடினேன்.”

அப்புறம் ராஜமாணிக்கம் ஒரு குண்டை நகத்தால் பெயர்த்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். இது வேறு சிரிப்பு.

“எந்த மண்டிக்காரன் சம்பந்தி பழத்த சுட்டு விப்பான்? இது உங்க ஊட்டு மரத்துப் பழந்தான். நான் சொல்றேன், யாராவது இல்லன்னு சொல்லட்டும்!” என்று சபையைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்.

காதுகுத்து முடிந்ததும் அவரே கையில் எண்ணெய் தடவிப் பழத்தை அறுத்தார். முதல் சுளையைத் தமிழ்ச்செல்வியிடம் கொடுத்து, அவள் அப்பாவுக்குக் கொடுக்கச் சொன்னார். மாமா அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, தின்னாமல் கடிகாரத்தைப் பார்த்தார்.

“பதினொன்னு இருவது” என்றார்.

“இப்ப எதுக்குப்பா டைமு?”

“போன வருஷம் பதினொன்னு அஞ்சுக்கு உன் முன்னாடி தல குனிஞ்சேம்மா. இப்பத்தான் நிமிந்தேன்.”