ஐ வில் வெயிட் ஃபார் யூ, மதாம்

போன செவ்வாய்க்கிழமை. சாயங்காலம் ஆறரை மணி. வெளியே அடைமழை. என் டிராவல்ஸ் ஆபீஸில் போன் அடித்தது.

கெஸ்ட் ஹவுஸ் மேனேஜர். "ஐயா, மதாம் இன்னும் வர்லையே. உங்க வண்டியிலதான வராங்க?"

போனும் கையுமாக எழுந்து நின்றுவிட்டேன்.

மதாம், பிரான்ஸிலிருந்து தனியாக வந்திருந்த எழுபது வயது அம்மா. சர்க்கரைக்காரர். ஆறு மணிக்குள் வாயில் ஏதாவது போட்டாக வேண்டும், இல்லையென்றால் கை நடுங்கி மயக்கம் வந்துவிடும் என்று மேனேஜர் முதல் நாளே சொல்லித்தான் என்னிடம் ஒப்படைத்திருந்தார். மத்தியானம் அவரை நோணாங்குப்பம் படகுத் துறையில் இறக்கிவிட்டது நான். ஐந்து மணிக்குக் கூட்டி வர டிரைவர் செல்வத்தை அனுப்பியதும் நான்தான்.

அந்தச் செல்வம் என் எதிரே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கிறான்!

கேட்டேன். படகுத் துறை கேட்டிலேயே அஞ்சரை வரைக்கும் நின்றானாம். வெள்ளைக்காரர்கள் ஒரு கும்பலாக வெளியே வந்து பஸ் ஏறினார்களாம். அதில் போயிருப்பார் என்று திரும்பிவிட்டானாம். அவனைத் திட்டி என்ன பிரயோஜனம்? அவன் மதாமைப் பார்த்ததே இல்லை. 'தொப்பி போட்ட வெள்ளைக்காரம்மா' என்று அடையாளம் சொல்லி அனுப்பியவன் நான். அந்தக் கும்பலில் எல்லோருமே தொப்பி.

வண்டியை எடுத்தோம். அரியாங்குப்பத்தில் டிராஃபிக் நகரவில்லை. வைப்பர் அடிக்கிறது, நான் வாட்சைப் பார்க்கிறேன்... மறுபடி வைப்பர், மறுபடி வாட்ச்.

வண்டி நிற்கிற நேரத்தில் என் இங்கிலீஷைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

நான் நாலாம் கிளாஸோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். வாடகை சைக்கிள் மூன்றை வைத்துத் தொழில் ஆரம்பித்தவன். இன்று நாலு காரும் பன்னிரண்டு மொபெட்டும் என் பெயரில் ஓடுகின்றன. வண்டி ஓட்டுகிற செல்வம் பி.காம். பத்திரிகையில் நான் எழுதுகிற இந்தப் பத்தியைப் புரொஃபசர்கள் படித்துவிட்டுக் கடிதம் போடுகிறார்கள். தற்பெருமை என்பீர்கள். ஆமாம், பெருமைதான். சும்மா வந்ததா?

இங்கிலீஷ் ஒன்றுதான் பாக்கி இருந்தது. சாரம் ஏரியாவில் ஒரு மாடியில் வசந்தி டீச்சர் ஸ்போக்கன் இங்கிலீஷ் நடத்துகிறார். மூன்று மாதமாகப் போகிறேன். நரைத்த தலை என்னுடையது மட்டும்தான். இப்போது நடக்கிற பாடம், இனிமேல் செய்யப்போவதைச் சொல்கிற வாக்கியங்கள். ஒவ்வொரு வினைச்சொல்லுக்கும் பின்னால் ஒரு குட்டிச் சொல் வர வேண்டுமாம். வெயிட் என்றால் ஃபார். லுக் என்றால் ஆஃப்டர். மறுவீட்டு விருந்துக்கு மாப்பிள்ளை தனியாகப் போய் நிற்க முடியுமா? அந்த மாதிரிதான் இதுவும்.

சின்னப் பிள்ளைகள் விதியைப் படிக்கும். எனக்கு விதியெல்லாம் ஏறாது. டீச்சர் போர்டில் எழுதுகிற வாக்கியத்தை மாத்திரை மாதிரி அப்படியே முழுங்கிவிடுவேன். உடைக்க மாட்டேன். காலையில் பீச்சில் நடக்கும்போது பத்துத் தடவை சொல்லிப் பார்ப்பேன். பிறகு ஆள் கிடைத்தால் போதும், எடுத்து விடுவேன்.

செவ்வாய்க்கிழமை கிடைத்த ஆள் மதாம். காரை விட்டு இறங்கும்போது ஒரு முழு வாக்கியம் விட்டேன். தங்கு தடை இல்லை. "வெரி குட் இங்கிலீஷ்" என்று அந்த அம்மா என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஆபீஸ் வரைக்கும் நான் தரையில் கால் வைத்ததாகவே ஞாபகம் இல்லை.

படகுத் துறை வந்தோம். கேட் பூட்டியிருந்தது. வாட்ச்மேன் குடையோடு வந்தார். கடைசிப் படகு வந்து ரொம்ப நேரமாச்சு, உள்ளே ஒரு ஈ காக்கா இல்லை என்றார். அவருக்குப் பின்னால் ஆறு கறுப்பாக ஓடிக்கொண்டிருந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை.

செல்வம் கேட்டான். "மொதலாளி, இறக்கி விட்டப்ப அவங்ககிட்ட இன்னா சொன்னீங்க?"

"இங்கிலீஷ்ல சொன்னேன்டா."

"அதான், இன்னா சொன்னீங்க?"

சொன்னேன். மத்தியானம் சொன்ன அதே ராகத்தில். "ஐ வில் வெயிட் ஃபார் யூ நியர் த பிரிட்ஜ் அட் ஃபைவ் ஓ க்ளாக், மதாம்."

செல்வம் பூட்டின கேட்டைப் பார்த்தான். என்னையே பார்த்தான்.

டீச்சர் போர்டில் எழுதியது அது! டீச்சரின் பாலம் எந்த ஊர்ப் பாலமோ. மதாம் என்கிற ஒரு சொல்தான் என்னுடையது. ஆனால் கேட்டைத் தாண்டினால் கடலூர் ரோட்டில் நிஜமாகவே ஒரு பாலம் இருக்கிறதே... அந்த அம்மா திரும்பி அதை ஒரு தடவை பார்த்துத் தலையை ஆட்டினார். இப்போதுதான் ஞாபகம் வருகிறது. நான் காத்திருப்பேன் என்றேன், ஆளை அனுப்பினேன். பாலம் என்றேன், கேட்டுக்கு அனுப்பினேன். செல்வம் எப்படிக் கண்டுபிடிப்பான்?

ஓடினேன். அறுபத்திரண்டு வயசில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, லாரி அடிக்கிற தண்ணீரை மூஞ்சியில் வாங்கிக்கொண்டு ஓடினேன்.

பாலத்து முனையில் ஒரு நீல பிளாஸ்டிக் ஷீட். அதன் கீழே மீன் விற்கிற அம்மா ஒருத்தி. பக்கத்தில் கவிழ்த்துப் போட்ட கூடை மேல் மதாம். தொப்பி நனைந்து தொங்குகிறது. கையில் டீ கிளாஸ். அந்தக் கை நடுங்குகிற நடுக்கத்தில் பாதி டீ கீழேதான் போயிருக்கும்.

மீன்காரம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"வரேன்னு சொன்னவன் நீதானாய்யா? அஞ்சு மணியிலேர்ந்து இங்கியே நிக்குது. ஆட்டோவுல ஏத்தி உடறேன்னாலும் ஏற மாட்டேங்குது. உன்னைத் தேடித் தேடி ரோட்டையே பாத்துனு இருந்துச்சு. கண்ணு சொருகிப் போய்ச் சாய்ஞ்சப்பறம்தான் உக்கார வெச்சேன். சர்க்கரையை அள்ளிப் போட்டு டீ குடுத்துகினு இருக்கேன், ரெண்டாவது கிளாஸு."

தெய்வம் என்று இவளைத்தான் சொல்ல வேண்டும்.

மதாம் என்னைப் பார்த்துச் சிரித்தார். கோபமே இல்லை. "ஐ நோ யூ வில் கம்" என்றார். அவருக்கும் இங்கிலீஷ் கடன் வாங்கின பாஷைதானே! திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஸாரி என்ற சொல் எனக்குத் தெரியாதா என்ன? வாயில் வரவில்லை. "மன்னிச்சுடுங்கம்மா" என்று தமிழில்தான் வந்தது.

நம் ஊரில் ஒரு நாளைக்கு எத்தனை 'தோ வந்துட்டேன்' சொல்கிறோம்! தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டே 'கிளம்பிட்டேன்' என்போம். 'நான் பாத்துக்கறேன், நீ போ' என்போம். கேட்கிறவனுக்கும் விஷயம் தெரியும். அரை மணி நேரம் கழித்துத்தான் அவனும் செருப்பையே மாட்டுவான். ஆகவே யாருக்கும் நஷ்டம் இல்லை. ஆனால் இந்த ஏற்பாடு தெரியாத ஒருவர் நம்மை நம்பிவிட்டால்? நான் முழுங்கின வாக்கியத்தின் நடுவில் யூ என்று ஒரு சொல் இருந்தது. அது ஒரு ஆள் என்று எனக்கு உறைக்கவே இல்லை. மழையில் நிற்கக்கூடிய ஆள். மூன்று மாத கிளாஸில் வராத பாடம், பாலத்து முனையில் வந்தது.

கெஸ்ட் ஹவுஸில் இறக்கினோம். மேனேஜர் சூப்போடு ஓடி வந்தார். நாலு வாய் உள்ளே போனதும் மதாமுக்கு முகம் தெளிந்தது. மறுநாள் விடியற்காலை அவர் சென்னைக்குப் போய் விமானம் பிடிக்க வேண்டும். படியேறப் போனவர் நின்றார். "டுமாரோ... ஹூ வில் கம்?" என்று கேட்டார். இந்தத் தடவை அந்தக் கண்ணில் கொஞ்சம் பயம் இருந்தது.

என்னிடம் பதில் தயாராக இருந்தது. அருமையான வாக்கியம். குட்டிச் சொல் உட்பட.

சொல்லவில்லை. செல்வத்திடமிருந்து கார் சாவியை வாங்கி மதாமின் உள்ளங்கையில் வைத்து மூடினேன். ராத்திரி அது அவரிடமே இருக்கட்டும். வண்டி அவர் வாசலிலேயே நிற்கட்டும்.

சாவியை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார். நிம்மதியாக மாடி ஏறிப் போய்விட்டார்.

முதலாளியும் டிரைவரும் மழையில் நனைந்தபடி நடந்தே வீட்டுக்குப் போனோம்.