கிணற்றடிப் பூவுக்கு எத்தனை இதழ்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். மறதியும் கூடிவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அச்சுவேலிப் பக்கத்தில் எங்கள் காணி சண்டையில் கனகாலம் ஆமிக்காரரிடம் இருந்தது. விட்டபிறகு போய்ப் பார்த்தேன். வீட்டுக்குக் கூரை இல்லை. கிணறு இருந்தது. அழுகை வரவில்லை. தகரம் போட்டுக் குடியேறினேன்.

அடுத்த மாரியில் கம்பஸில் படிப்பிக்கிற சேர் ஒருவர் இங்கிலாந்துக்கார அம்மா ஒருவரைக் கூட்டிவந்தார். செடிகளைப் பற்றிப் படித்தவர். என்னைவிட வயது கூட. குமரியாக இருந்தபோது தனியாகச் சைக்கிளில் திரிந்து எங்கள் பக்கத்துச் செடிகளைச் சேர்த்தாராம். பெண்கள் அப்படி வராத காலம் என்று சேர் சொன்னார். எங்கள் கிணற்றடியிலும் ஒரு சின்னச் செடி எடுத்தாராம். அதை வேறெங்கும் அவர் காணவில்லை. பூவைப் பார்க்காமல் அது என்ன இனம் என்று எழுத ஏலாதாம். பிறகு சண்டை; அவர் வரவில்லை. தன் புத்தகத்தில் அந்த ஒன்றுதான் குறை என்றாராம். இதெல்லாம் சேர் எனக்குப் பிறகுதான் சொன்னார்.

அன்றைக்குக் கிணற்றுக்கட்டின் வெடிப்பில் அதைக் கண்டுபிடித்து, முழங்காலில் இருந்தபடி என்னை வரச்சொல்லிக் கை காட்டினார். நான் கூச்சத்தில் வாசலடியிலேயே நின்றேன்; கிட்டப் போய்ப் பார்க்கவில்லை.

"மொட்டு வைச்சிருக்கு. பத்து நாளிலை வாறம். கிணத்தடிச் செடியைப் பாத்துக்கொள்ளுங்கோ, அம்மா," என்றார் சேர்.

கிணற்றடியில் சிவத்தப் பூப் பூக்கிற செவ்வரத்தை ஒன்று மொட்டோடு நின்றது. அதைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன்.

அவர்கள் வருவதற்கு முதல்நாள் பக்கத்து வீட்டு மனிசி மண்வெட்டியோடு வந்தாள்.

"வெள்ளைக்காரியைப் புல்லுப் பத்தைக்குள்ளை இருத்தியே தேத்தண்ணி குடுக்கப்போறியள், அக்கா?"

"அவவுக்குப் பத்தைதான் விருப்பம் போலை."

"அப்ப என்ரை வளவுக்கும் கூட்டிக்கொண்டு வாங்கோ. கண்டா ஊருக்கே போகமாட்டா."

முற்றத்துப் புல்லை அவள் மண்வெட்டியால் செருக்கினாள். கிணற்றடியை நான் செருக்கினேன். வெடிப்புக்குள் இருந்த புல்பூண்டைக் கத்தி நுனியால் கிளறி எடுத்தேன். ஒன்றில் சின்னதாக வெள்ளைப் பூ இருந்தது. காய்ந்த காவோலை போட்டு எல்லாவற்றையும் எரித்தோம். சாணித் தண்ணீர் தெளித்தேன். செவ்வரத்தைக்குத் தண்ணீர் ஊற்றினேன்.

மறுநாள் அந்த அம்மா கிணற்றடியில் கனநேரம் நின்றார். சாம்பலைக் கையால் கிளறினார். கோபிக்கவில்லை. கொப்பியில் தான் கீறிய படத்தைக் காட்டினார். இலையைக் கண்டதும் எனக்கு விளங்கியது.

"இதை நீங்களோ பிடுங்கினது?" என்று சேர் கேட்டார்.

"ஓம்."

"பூ இருந்ததோ?"

"ஓம். வெள்ளை."

"எத்தினை இதழ் எண்டு கேக்கிறா."

நான் எண்ணவில்லை. அந்த அம்மா பென்சிலோடு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். தெரியாது என்று சொல்ல நா எழவில்லை.

"அஞ்சு," என்றேன்.

எழுதிக்கொண்டார். தேத்தண்ணீர் குடித்தார். முற்றம் வடிவாக இருக்கிறது என்று எனக்குச் சொல்லும்படி சேரிடம் சொன்னார்.

அடுத்த வருடம் அந்த அம்மா செத்துப்போனார். பிறகு புத்தகம் வந்தது. சேர் கொண்டுவந்து காட்டினார்.

"உங்களைப் பற்றியும் போட்டிருக்கிறா, அம்மா. பூவைக் கண்ட ஒரே ஆள் நீங்கள்தானாம்."

"ஓம்," என்றேன். சந்தோசமும் இல்லை, துக்கமும் இல்லை. படத்தில் பூவுக்கு ஐந்து இதழ்.

பிறகு அது முளைக்கவில்லை. இதழ் நாலாகவும் இருந்திருக்கலாம், ஆறாகவும் இருந்திருக்கலாம். இதைச் சேரிடமும் நான் சொல்லவில்லை. இந்தப் பக்கத்தில் ஆள் போகாத கிணறுகள் இன்னும் இருக்கின்றன. இலை உளுந்தளவு, நிலத்தோடு ஒட்டிக் கிடக்கும். செடி தெரிந்தவர்கள் யாராவது மாரியில் போய்க் கட்டு வெடிப்புகளைப் பார்த்து, இதழை எண்ணி, நான் சொன்னது பிழையென்றால் அந்தப் புத்தகத்தைத் திருத்திவிடுங்கள்.