விராலுக்கு வந்த வாழ்வு

என் வீட்டுக்காரருக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் தூண்டில்தான். குண்டசாலையில் அவர் வேலை பார்க்கும் இடத்தில் முதலில் ஒருவருக்குப் பிடித்த இந்தப் பைத்தியம், இப்போது பாதிப் பேருக்குத் தொற்றிவிட்டது. அதற்கு ஒரு வாட்ஸ்அப் குழு வேறு. சாப்பிடும்போதுகூடக் கை சோற்றில் இருக்கும், கண் போனில் இருக்கும்.

நான் வளர்ந்த தேயிலைத் தோட்டத்துப் பையன்கள் மூங்கில் கம்பும் மண்புழுவும் வைத்துப் பிடித்தார்களே, அதே மீன்தான்! இவருக்கு மட்டும் ஜப்பான் கம்பு, சுழலும் சக்கரம், கறுப்புக் கண்ணாடி. என் தீபாவளிச் சேலைக்குக் கடை கடையாக ஏறி இறங்கி விலை பேசிய மனுஷன், தூண்டிலில் இரையாக மாட்டும் ஒரு ரப்பர் தவளைக்கு வாயே திறக்காமல் காசு கொடுத்துவிட்டு வந்தார்.

"தவளைக்குக் குடுக்க மனசு வருது, எனக்குக் குடுக்கத்தான் வலிக்குதா?" என்று கேட்டேன்.

"ஒனக்கு என்னா புரியும்" என்றார்.

அந்தக் கம்பை அலுமாரியில் என் சேலைகளுக்குப் பக்கத்திலேயே நிறுத்தி வைத்தார். சக்களத்தி என்று அதற்கு நானே பேர் வைத்தேன்.

ஒரு மீனாவது வீட்டுக்கு வந்ததா? பிடிப்பார்களாம், போட்டோ எடுப்பார்களாம், திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடுவார்களாம். குழம்புக்கு நான்தான் சந்தையில் போய் வாங்க வேண்டும்.

போன மாதம், "நானும் வர்றேன்" என்று கிளம்பிவிட்டேன். ஒரு ஞாயிறாவது புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து பேச எனக்கு ஆசை இருக்காதா? திகனைக்கு அப்பால், நீர்த்தேக்கக் கரையில் வாகனங்கள் வரிசை கட்டி நின்றன. பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கதையை ஆரம்பித்தேன்.

"ஷ்! மீனு ஓடிரும்" என்றார்.

காலையெல்லாம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

திடீரென்று கம்பு வளைந்தது. இழுக்க இழுக்கக் கரைக்கு வந்தது, முழங்கை நீளத்தில் ஒரு விரால். எனக்கே சந்தோஷம் தாங்கவில்லை.

"என்னங்க, இத வீட்டுக்குக் கொண்டு போவோம்" என்றேன்.

அவர் காதில் விழவேயில்லை. முதலில் இரண்டு கைகளையும் நனைத்துக்கொண்டார். காய்ந்த கை பட்டால் அதற்கு நோகுமாம்! மெல்ல அதன் வாயிலிருந்து தூண்டில் முள்ளை எடுத்தார். தண்ணீருக்குள் அதைப் பிடித்தபடி வயிற்றைத் தடவிக் கொடுத்தார். பிறகு, "போ தங்கம், பாத்துப் போ" என்றார்.

கல்யாணமான புதிதில் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். மூத்தவள் பிறந்த பிறகு ஒருநாளும் கூப்பிட்டதில்லை. அவருக்கு அந்தச் சொல்லே மறந்துபோயிற்று என்றுதான் நினைத்திருந்தேன்.

கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"பிளாஸ்க் எங்க? டீய ஊத்து."