ஷிஹோவுக்கு ஓர் இடம்

முதன்முதலில் நான் பார்த்தபோது ஷிஹோ அக்கா ஒரு மோசமான அடியைப் புகழ்ந்துகொண்டிருந்தார். மீன்வடை கம்பெனி முதலாளி ஓச்சி அடித்த பந்து வலப்பக்கம் வளைந்து ஓடிப் பயிற்சிக்கூடத்தின் வலையில் மோதியது. "ஆகா, என்ன சத்தம் முதலாளி! வெடி மாதிரி!" என்றார். திசையைப் பற்றி மூச்சில்லை.

ஜப்பானின் எஹிமேயில் அந்த கோல்ஃப் மைதானத்தில் புல்லைப் பராமரிக்க நான் அப்போதுதான் சேர்ந்திருந்தேன். புல்லைப் பற்றியே பல்கலைக்கழகத்தில் படித்தவன். எங்கள் வீட்டின் முதல் பட்டம். அந்த மிடுக்கில், "இப்படிப் பொய் சொல்லலாமாக்கா?" என்று கேட்டுவிட்டேன்.

"பட்டதாரித் தம்பி, சத்தம் நல்லாத்தானே இருந்துச்சு? அதைத்தானே சொன்னேன்?"

அக்காவுக்கு நாற்பத்தொரு வயது. தொழில்முறை ஆட்டக்காரர்தான், ஆனால் பெண்கள் சுற்றுப்போட்டிகளில் ஆடும் தகுதி போய் வெகுநாளாயிற்று. ஆண்டுக் கடைசியில் தகுதிப் போட்டிக்குப் போவார், தோற்பார், மறுநாளே வந்து பாடம் நடத்துவார். கறுத்த உடம்பில், கையுறை மாட்டும் இடது கை மட்டும் யாருடையதோ போல வெளுத்திருக்கும். மதியம் சோற்றில் தேநீரை ஊற்றி நின்றபடியே குடிப்பார். "உக்காந்தா இடுப்பு எந்திரிக்காது, தம்பி."

மிச்சமிருந்தது ஒரே கதவு. எங்கள் மைதானத்தில் நடக்கும் போட்டிக்குப் பணம் போடுவது ஓச்சியின் கம்பெனி. தகுதி பெறாத ஓரிருவருக்குக் கம்பெனி தன் விருப்பப்படி இடம் தரலாம். அக்கா ஒவ்வோர் ஆண்டும் கேட்பார். "நல்லபடியா யோசிப்போம் டீச்சர்" என்பார் ஓச்சி. எங்கள் பக்கத்தில் அதற்கு 'இல்லை' என்று பொருள். கொஞ்ச நாளில் ஒரு பெட்டி மீன்வடை வீட்டுக்கு வரும்.

போன வசந்தத்தில் அக்கா ஒரு தவறு செய்தார். ஓச்சியின் வளைவை நிஜமாகவே சரிசெய்துவிட்டார். பந்து நூல் பிடித்தாற்போல் போயிற்று. முதலாளி பாடத்துக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்.

"நோயை முழுசா தீத்துட்டா வைத்தியர் வாசல எவன்டி மிதிப்பான்?" என்று திட்டினார் பயிற்சிக்கூடத்தை நடத்தும் மத்சுனோ அம்மா.

"மனசு குளிர்ந்திருப்பாரும்மா. இந்த வருஷம் குடுத்துருவாரு."

கொடுத்தார், ரிரிகாவுக்கு. பத்தொன்பது வயது; கைபேசியில் லட்சம் பேர் பின்தொடரும் பெண். ஓச்சியே அக்காவைக் கைபேசியில் கூப்பிட்டுச் சொன்னார்: "அந்தப் புள்ளைக்கு நம்ம மைதானம் புதுசு. நீங்க அதோட மட்டைப் பையைத் தூக்கிக்கிட்டு கூட நடந்தீங்கன்னா பெரிய உதவி, டீச்சர்."

"சந்தோஷம் முதலாளி" என்று அக்கா கைபேசியை நோக்கியே இடுப்பு வளையக் குனிந்தார். பேச்சு முடிந்த பிறகும் நிமிர நேரமாயிற்று.

மத்சுனோ அம்மாவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "மானமில்லையாடி உனக்கு?"

"உள்ளே போறதுக்கு வேற வழி சொல்லுங்கம்மா, அதுல போறேன்."

அக்டோபரில் போட்டி. முதுகில் ரிரிகாவின் பெயர் போட்ட மேலங்கியோடு, பையைச் சுமந்துகொண்டு அக்கா முதல் குழிக்கு வந்தார். குளிர்ந்த காலை. கூட்டத்தில் பாதி உள்ளூர் ஆட்கள். அறிவிப்பாளர் ரிரிகாவின் பெயரை அழைத்தார், கைதட்டல் எழுந்தது. அழைக்கப்பட்டவர் தொப்பி விளிம்பைத் தொட்டு வணங்க வேண்டும். ரிரிகா கையைத் தூக்குமுன்பே அக்காவின் விரல்கள் தம் தொப்பியின் விளிம்பைத் தொட்டுவிட்டன. ஒரு நொடி அங்கேயே நின்ற கை, பிறகு மெல்ல இறங்கி, நெற்றியில் இல்லாத வியர்வையைத் துடைத்தது.